சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கும் அறுபது காசு

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, ஜூலை மாதம் பதினாறாம் நாள், சனிக்கிழமை, மாலை ஏழு மணி நாற்பது நிமிடம். சிதம்பரத்தின் இந்தத் திருமண மண்டபத்து மேடையில் வீற்றிருப்போர் இருபத்து மூன்று பேர். அவர்கள் தோளில் ஏறியிருக்கும் பொன்னாடைகள் இருபத்து இரண்டு. நடுநாயகமாக ஒரு நாற்காலி காலி. பொன்னாடை இல்லாத அந்த ஒருவன் நான். பேசி முடித்ததும் போர்த்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டு முடித்த பிறகும் அந்த எண்ணம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

விழாத் தலைவர், கடலூரிலும் சிதம்பரத்திலும் அங்காடி கண்ட அண்ணல் ராஜமாணிக்கம் ஐயா அவர்களே. நான்கு மாதமாக இந்த விழாவைத் தள்ளித் தள்ளியே வளர்த்தெடுத்த விழாச் செயலர் தட்சிணாமூர்த்தி அண்ணன் அவர்களே. மேடையின் கடைசி நாற்காலியில், அதிலும் பாதி நாற்காலியில், அமர்ந்திருக்கும் கடலூர் முதுநகர் மழலைச் செவிப் பயிற்சி மையத்தின் சவரியம்மாள் டீச்சர் அவர்களே. வணிகப் பெருமக்களே, வாடிக்கைப் பெருமக்களே, மளிகைச் சீட்டோடு வந்து மனநிறைவோடு திரும்பிய தாய்மார்களே, சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டு வந்த பெரியோர்களே, கேள்விப்படாமலே மோப்பம் பிடித்து வந்த என் வயது நண்பர்களே. வரப்போகிற, வந்துகொண்டே இருக்கிற, விழுப்புரத்தைத் தாண்டிவிட்டார் என்று ஒன்றரை மணி நேரமாக நமக்கு அறிவிக்கப்படுகிற சிறப்பு விருந்தினர் அமரவேண்டிய நாற்காலி அவர்களே. அனைவருக்கும் எழிலனின் வணக்கம்.

நான் பேச்சாளன் இல்லை. பொறியியல் படித்தவன். ராஜமாணிக்கம் அங்காடியின் இரண்டு கடைகளிலும் பில் போடும் கணினி இருக்கிறதே, அதற்கு மென்பொருள் எழுதியவன். நிகழ்ச்சி நிரலில் எனக்கு ஒதுக்கிய நேரம் மூன்று நிமிடம். ஆனால் சற்று முன் தட்சிணாமூர்த்தி அண்ணன் என் காதருகே வந்து, “தம்பி, சிறப்பு விருந்தினரு வர்ற வரைக்கும் எதனா பேசிகினு இரு. நிறுத்திடாத” என்றார். இந்த நாட்டில் ஓர் இளைஞனுக்கு இதைவிடப் பெரிய அதிகாரத்தை யாரும் கொடுத்ததில்லை. பயன்படுத்திக்கொள்கிறேன்.

என்ன, அங்கே சிரிக்கிறீர்கள்? சிரியுங்கள். சிரிப்புக்குச் சில்லறை தேவையில்லை.

சில்லறை என்றதும் விஷயத்துக்கு வந்துவிட்டேன். நம் ஊர்க் கடைகளில் சில்லறைக்கு என்ன மரியாதை? நூற்று எண்பத்தேழு ரூபாய் நாற்பது காசு பில். நீங்கள் நூற்று எண்பத்தெட்டு கொடுக்கிறீர்கள். மீதி அறுபது காசு. அந்த அறுபது காசு உங்கள் கைக்குத் திரும்புமா? திரும்பாது. ஒரு மிட்டாய் திரும்பும். சர்க்கரை வியாதிக்காரருக்கும் மிட்டாய். பல் இல்லாதவருக்கும் மிட்டாய். விரதம் இருப்பவருக்கும் மிட்டாய். அந்த மிட்டாயைச் சேர்த்துவைத்து மறுநாள் அதே கடையில் கொடுத்து ஒரு தீப்பெட்டி கேட்டுப் பாருங்கள். வாங்கமாட்டார்கள். கடைக்காரர் கொடுத்தால் மிட்டாய் பணம், நாம் கொடுத்தால் மிட்டாய் வெறும் மிட்டாய். போன மாதக் கடைசியோடு நாலணாவும் செல்லாது என்று ஆகிவிட்டது. மிட்டாயின் மதிப்பு இன்னும் ஏறியிருக்கிறது.

இதைப் பார்த்துத்தான் சென்ற ஆண்டுக் கடைசியில் ராஜமாணிக்கம் ஐயாவிடம் ஒன்று சொன்னேன். ஐயா, மீதிச் சில்லறைக்கு மிட்டாய் வேண்டாம். பில் போடும்போது ஒரு கேள்வி கேட்போம். விருப்பம் என்றால் அந்தக் காசு நம் மாவட்டத்தில் நல்லது செய்யும் ஒரு சின்ன அமைப்புக்குப் போகட்டும். விருப்பம் இல்லையென்றால் பழையபடி மிட்டாய். ஐயா அரை நிமிடம் யோசித்தார். “மிட்டாய் செலவு மிச்சம்தானே? செய்ப்பா” என்றார். நல்ல காரியங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை.

கணினியில் ஒரு பொத்தான் வைத்தேன். தெற்கு வீதிக் கடையில் கல்லாவில் இருக்கும் சத்யப்பிரியாவை எல்லோருக்கும் தெரியும். “அக்கா, மீதி அறுபது காச காது கேக்காத பசங்களுக்குப் போட்டுக்கட்டுமா?” என்று அவர் கேட்பார். யாராவது மறுத்தீர்களா? பத்தில் ஒருவர் மறுத்திருப்பீர்கள். மற்ற ஒன்பது பேர் என்ன சொன்னீர்கள்? “போட்டுக்கோம்மா.” அவ்வளவுதான். கையெழுத்து இல்லை, கைகுலுக்கல் இல்லை, கேமரா இல்லை. புளி வாங்க வந்தவர் கொடுத்தார். பினாயில் வாங்க வந்தவர் கொடுத்தார். விலை ஜாஸ்தி என்று சத்யப்பிரியாவிடம் கால் மணி நேரம் சண்டை போட்ட ஒரு பெரியவர், சண்டை முடிந்ததும் அந்தச் சில்லறையை மட்டும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டுப் போனார். அவரும் இங்கே வந்திருக்கிறார். தலையைக் குனியாதீர்கள் ஐயா, உங்களைப் புகழ்ந்துதான் பேசுகிறேன்.

இந்தக் காசு எங்கே போகிறது? சுருக்கமாகச் சொல்கிறேன். சவரியம்மாள் டீச்சரின் மையத்தில், பிறவியிலேயே காது சரியாகக் கேட்காத சிறு பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி, ஒரு முகாமில் இலவசமாகக் கிடைத்தது. கருவிக்குள் ஒரு பேட்டரி. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் காற்றை இழுத்துக்கொண்டு வேலை செய்யும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். பிறகு செத்துவிடும். அந்தப் பேட்டரி இலவசமாகக் கிடைக்கவில்லை. கடலூரிலும் கிடைக்கவில்லை. புதுச்சேரியில் ஒரு கடையில் கிடைக்கிறது. நீங்கள் போட்டுக்கோம்மா என்று சொன்ன காசு அந்தப் பொத்தான் பேட்டரிக்குத்தான்.

டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே ஒரு உண்மை சொல்கிறேன். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதம் காது கேட்கவில்லை என்றால், அது நமக்கு ஒரு மாதம் மின்சாரம் இல்லாதது போல இல்லை. மின்சாரம் வந்ததும் நம் விளக்கு பழையபடி எரியும். பிள்ளையின் பேச்சு பழையபடி எரியாது. பேச்சு மூளையில் ஊன்றுகிற வயது அது. அந்த வயது தேதி கேட்டு நிற்காது. ஒப்புதல் கேட்டு நிற்காது. எந்தச் சிறப்பு விருந்தினருக்காகவும் நிற்காது.

ஜனவரி மாதக் காசு பிப்ரவரி முதல் வாரம் போனது. டீச்சர் பஸ் ஏறி வந்தார், கடையில் வாங்கிக்கொண்டார், ரசீது கொடுத்தார், போனார். பிப்ரவரி மாதக் காசும் அப்படியே. மொத்த நேரம் நான்கு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் டீச்சர் மோர் குடித்த நேரம்.

மார்ச் மாதம்தான் நம் தட்சிணாமூர்த்தி அண்ணனுக்கு ஞானம் பிறந்தது. “இன்னா தம்பி இது, சத்தமில்லாம குடுத்துகினு கீறீங்க? நாலு பேருக்குத் தெரிய வேணாமா? சேத்து வச்சி, பெருசா ஒரு விழா எடுத்து, பெரிய கையால குடுப்போம்” என்றார். பெரிய கை என்றால் அளவில் பெரிய கை இல்லை. கார் கதவை இன்னொருவர் திறந்துவிடுகிற கை.

சேர்த்தார்கள். மார்ச்சில் விழா என்றார்கள். தேர்தல் அறிவித்தாயிற்று, நடத்தை விதி வந்துவிட்டது என்றார்கள். ஏப்ரல் என்றார்கள். யார் ஜெயிக்கிறார் என்று தெரியாமல் யாரைக் கூப்பிடுவது என்றார்கள். மே என்றார்கள். ஜெயித்தவருக்கு மாலை போட்டே நாள் போய்விட்டது என்றார்கள். ஜூன் என்றார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், நோட்டுப் புத்தக வியாபாரம் என்றார்கள். ஜூலை முதல் வாரம் என்றார்கள். ஆனித் திருமஞ்சனம், தேர்க் கூட்டத்தில் மண்டபம் கிடைக்காது என்றார்கள். நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில் நல்ல காரியம் செய்யக்கூடாதே என்ற அச்சத்தில் அவசர அவசரமாக இன்றைக்கு வைத்திருக்கிறார்கள். ஆடி மாதத்துக்கு என் நன்றி.

இல்லை அண்ணே, இல்லை. சட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். பேசிகினு இரு என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பணத்தில் ஒரு காசு குறையவில்லை. வங்கியில் தனிக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம். ராஜமாணிக்கம் ஐயா அடுத்தவர் காசைத் தொடுகிறவர் இல்லை. இந்த மேடை, இந்தப் பந்தி, வாசலில் ஐயா ஆகாயத்தைப் பார்த்து நிற்கும் அந்த நாற்பதடி ஃப்ளெக்ஸ், எல்லாம் அவர் சொந்தச் செலவு. அந்தச் செலவு நன்கொடையைவிட ஜாஸ்தி. களவு நடந்திருந்தால் நான் மேடைக்கு வந்திருக்கமாட்டேன், காவல் நிலையத்துக்குப் போயிருப்பேன். இங்கே நடந்தது களவில்லை. காத்திருக்க வைத்தது. அதற்கு நம் சட்டத்தில் பிரிவு இல்லை. அதனால்தான் பொன்னாடை போர்த்துகிறோம்.

ஃப்ளெக்ஸில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்தீர்களா? ‘செவி கொடுத்த செம்மலே.’ கொடுத்தது யார்? கேட்கிறேன், கொடுத்தது யார்? புளி வாங்கிய தங்கம்மாள் கொடுத்தார். அவருக்கு ஃப்ளெக்ஸ் உண்டா? சிப்காட்டில் இரவு வேலை முடித்து, கடலூர்க் கடையில் ரொட்டி வாங்கிய லூர்துசாமி கொடுத்தார். அவருக்குப் பொன்னாடை உண்டா? இரண்டு முட்டை வாங்க வந்த கல்லூரிப் பையன் கொடுத்தான். அவனுக்கு மேடையில் நாற்காலி உண்டா? ஆயிரம் பேர் கொடுத்த காசு, ஒருவர் படம். ஆயிரம் பேர் கொடுத்த காசு, ஒருவர் பெயர். ஆயிரம் பேர் உடனே கொடுத்த காசு, ஒருவர் வரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்கும் போகவில்லை.

இதோ பின்னால் நிற்கிறதே, கதவளவு அட்டைக் காசோலை, அதைத் தூக்கிவர இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதைக் கொண்டுபோய் எந்தப் பேட்டரிக் கடையில் கொடுப்பது?

பின்வரிசையில் யாரோ கேட்கிறார்கள். என்ன தம்பி? “அவ்ளோ அக்கறை இருந்தா நீயே வாங்கிக் குடுக்கறதுதானே மச்சான்?” நியாயமான கேள்வி. மே மாதம் ஒருமுறை வாங்கிக் கொடுத்தேன். அது தீர்ந்தது. பிறகு யோசித்தேன். ஊரே கொடுத்த காசு அங்கே குளுகுளுவென்று தூங்குகிறது. அதை எழுப்பாமல் என் காசை ஓடவிட்டால், தட்சிணாமூர்த்தி அண்ணன் இந்த விழாவைத் தீபாவளிக்குத் தள்ளியிருப்பார். மாட்டீர்களா அண்ணே? பாருங்கள், சிரிக்கிறார். தள்ளியிருப்பார்.

முதல் வரிசையில் மஞ்சள் சேலையில் உட்கார்ந்திருப்பவர் அமராவதி. அண்ணாகிராமம் பக்கம், முந்திரி உடைக்கிற வேலை. மடியில் இருப்பது அவர் மகள் ரேகா. நான்கு வயது. சிறப்பு விருந்தினருக்குப் பூச்செண்டு கொடுக்க, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள். அழைத்தது விழாக்குழு. பஸ் காசை யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு விழா வைத்துவிடுவீர்கள்.

மதியம் அமராவதியிடம் பேசிக்கொண்டிருந்தேன். “மாசி மாசம் நல்லா சொல்லிச்சிங்க. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல ஆரன் அடிச்சா திரும்பிப் பாத்து பஸ்ஸு பஸ்ஸுன்னும். அம்மான்னும். எங்க மாமியார மட்டும் ஒன்னும் சொல்லாது, அதுவே பெரிய புத்திசாலித்தனம்” என்றார். இப்போது? “இப்ப அந்த மிசினயே புடுங்கி எறியிதுங்க. சத்தம் வந்தாத்தான மாட்டிக்கும்? சும்மா காத அடச்சிகினு இருக்கறத எந்தப் புள்ள வச்சிக்கும்?”

டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? கையிருப்பு குறைந்தபோது, ஒரே பேட்டரியைக் காலையில் ரேகாவின் கருவியில் போட்டார், மதியம் கழற்றி இன்னொரு பிள்ளையின் கருவியில் போட்டார். கேட்பதற்கும் ஷிப்ட் முறை. சிப்காட்டில்கூட மனிதர்கள்தான் ஷிப்ட் மாறுகிறார்கள், காதுகள் மாறுவதில்லை. ஜூன் மாதத்தில் அதுவும் தீர்ந்தது. டீச்சர் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் விழாக்குழு சொன்ன பதில், “பணம் பத்திரமா கீது டீச்சர், கவலப்படாதீங்க.”

பணம் பத்திரமாக இருக்கிறது. பேச்சு பத்திரமாக இல்லை.

என்ன ஐயா? தலைவர் ஏதோ சொல்ல வருகிறார். இந்த மைக்கில் சொல்லுங்கள் ஐயா, ஊர் கேட்கட்டும்.

“ஏம்பா எழிலா, நாலு பேர் பாக்கக் குடுத்தாத்தான் அடுத்த கடைக்காரனும் குடுப்பான். மூடி மூடி வச்சா தருமம் எப்படிப் பரவும்? இன்னும் பத்து நிமிஷம், அவுரு வந்துடட்டும். இவ்ளோ நாள் பொறுத்தவங்க இதப் பொறுக்க மாட்டாங்களா?”

கேட்டீர்களா? இதில் பாதி சரி. நான் ஒத்துக்கொள்கிறேன். பார்க்கக் கொடுத்தால் பரவும், உண்மை. விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குப் பந்தியும் பிடிக்கும். நான் கேட்பது வரிசையை மாற்றச் சொல்லி மட்டும்தான். காசு மாதாமாதம் போகட்டும், விழா வருஷத்துக்கு ஒருமுறை வரட்டும். கொடுத்துவிட்டுக் கொண்டாடுங்கள் ஐயா, கொண்டாடுவதற்காகக் கொடுக்காமல் இருக்காதீர்கள். கொடுத்துவிட்டுக் கொண்டாடினால் அந்தப் பிள்ளைகளே மேடையேறிப் பேசுவார்கள். கொடுக்காமல் கொண்டாடினால் நாம்தான் பேசிக்கொண்டிருப்போம். அவர்கள் வாயசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இருங்கள். வாசலில் வெடி. சரவெடி. வந்துவிட்டார் போல.

எல்லோரும் எழுந்துவிட்டீர்கள். மேடையில் இருபது பேர் எழுந்துவிட்டார்கள். ஆயிரம் வாலா இன்னும் வெடித்துக்கொண்டிருக்கிறது, தலைகள் எல்லாம் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டன. மண்டபத்தில் திரும்பாத தலை ஒன்று இருக்கிறது. முதல் வரிசையைப் பாருங்கள். அந்தப் பிள்ளை பூச்செண்டில் இருக்கிற ஜிகினாத் தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. எல்லோரும் ஏன் எழுந்தீர்கள் என்று இப்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறது.

ஐயா, நீங்களும் பாருங்கள்.

தட்சிணாமூர்த்தி அண்ணன் வாசலிலிருந்து கையை ஆட்டுகிறார். என்ன அண்ணே? சாப்பாட்டு வேனா? உட்காருங்கள், எல்லோரும் உட்காருங்கள். சாம்பாருக்கு வெடி வைத்திருக்கிறார்கள் பையன்கள். சொன்ன வேளையில் அதுவாவது வந்ததே.

தலைவர் மேடையை விட்டு இறங்குகிறார். அமராவதியிடம் போகிறார். மைக் எட்டாது, நான் சொல்கிறேன். “பாப்பாவுக்கு வெடிச் சத்தங்கூட கேக்கலியாம்மா?” என்கிறார் ஐயா. “எங்கங்க கேக்கும்? பேட்டரி இல்லியே” என்கிறார் அமராவதி. “இங்க வரும்போதுகூடவா போட்டுவிடல?” “போடறதுக்கு இருந்தா போட மாட்டனாங்க?”

ஐயா நிற்கிறார். அட்டைக் காசோலையைப் பார்க்கிறார். தட்சிணாமூர்த்தி அண்ணனை விரலால் கூப்பிடுகிறார். மண்டபம் கொஞ்சம் அமைதியாக இருந்தால் எல்லோருக்கும் கேட்கும். “யோவ், சத்யாவுக்கு போன் போடு. கல்லாவ மூட வேணாம்னு சொல்லு. பேங்க்கு திங்கக்கிழமதான். அது வரைக்கும் கல்லாப் பணத்துல எடுத்து டீச்சர் கையில குடு.” “ஐயா, சிறப்பு விருந்தினரு...” “அவுரு வந்தா சாப்ட்டுப் போவட்டும்.”

கை தட்டாதீர்கள். பணம் இன்னும் கல்லாவில்தான் இருக்கிறது. கைக்கு வந்த பிறகு தட்டுங்கள். என் அருமை மக்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளை மறுநாள் சத்யப்பிரியா, “மீதி அறுபது காச போட்டுக்கட்டுமா?” என்று கேட்பார். போட்டுக்கோம்மா என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நகராதீர்கள். பை கையில் இருக்கட்டும், பின்னால் வரிசை நிற்கட்டும், ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள். “போன மாசம் குடுத்தது போய்ச் சேந்துச்சா?” அறுபது காசு கொடுத்தவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டா? உண்டு. பத்துக் காசு கொடுத்தவருக்கு உண்டா? உண்டு. கொடுப்பது உங்கள் குணம், கேட்பது உங்கள் கடமை. ஆயிரம் பேர் கொடுத்தால் ஒரு மையம் நடக்கும். ஆயிரம் பேர் கேட்டால் அது நிற்காமல் நடக்கும்.

இனி நான் செய்யப்போவதைச் சொல்லி முடிக்கிறேன்.

1. இந்த மைக்கை வைத்ததும் தட்சிணாமூர்த்தி அண்ணனைக் கையைப் பிடித்துத் தெற்கு வீதிக் கடைக்குக் கூட்டிப்போவேன். பணம் டீச்சர் கைக்கு வந்து, ரசீது எழுதிய பிறகுதான் இருவரும் சாப்பிடுவோம். அண்ணனுக்குப் பசி தாங்காது, அதனால் தாமதம் ஆகாது.

2. நாளை காலை டீச்சரோடு புதுச்சேரிக்குப் பஸ் ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் கடையைத் திறப்பதாக அந்தக் கடைக்காரர் இன்று காலையே போனில் சொல்லியிருக்கிறார். அவருக்கு யாரும் அழைப்பிதழ் வைக்கவில்லை.

3. நாளை இரவுக்குள் இரண்டு கடைக் கணினியிலும் ஒரு பூட்டுப் போடுவேன். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் டீச்சரின் ரசீது எண்ணைப் பதியாவிட்டால், நன்கொடைப் பொத்தான் வேலை செய்யாது. ஐயாவே அழுத்தினாலும் செய்யாது.

4. பில்லின் அடியில் ஐயா பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்கள். போடமாட்டேன். சென்ற மாதக் காசு என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற தேதியைப் போடுவேன்.

5. திங்கட்கிழமை காலை முதுநகர் மையத்துக்குப் போவேன். ரேகா விளையாடிக்கொண்டிருக்கும்போது அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, உரக்க இல்லாமல், நாம் வீட்டில் பேசுகிற அளவுக்கு, அவள் பெயரைச் சொல்வேன். முதல் தடவையே திரும்பாமல் போகலாம். நான்கு மாதமாக அரைகுறையாகக் கேட்டு, கடைசியில் ஒன்றுமே கேட்காமல் போன காது. திரும்பும்வரை வாரம் ஒருநாள் போய்ச் சொல்வேன். அவள் திரும்புகிற நாளில் நீங்கள் எந்த மண்டபத்தில் வேண்டுமானாலும் விழா வையுங்கள், முதல் வரிசையில் நின்று கைதட்டுகிறேன். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. வருகிறேன், வணக்கம்.